கையால் எண்ணினால் ஒருவர், கணினியில் எண்ணினால் இன்னொருவர்: முன்னுரிமை வாக்கை எப்படி எண்ணுவது?

மாடித்தோட்டம் | திங்கள் காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நேற்று தேர்தல் நடந்தது. 3 நிர்வாகிகள், 5 வேட்பாளர்கள், செல்லுபடியான சீட்டு 120. போன இரண்டு முறையும் ஆளுக்கு 3 டிக் போடச் சொன்னோம். ஒரே பிளாக்காரர்கள் 3 இடத்தையும் அள்ளிக்கொண்டார்கள். மற்ற பிளாக்குகளில் மனக்கசப்பு வந்தது. அதனால் இந்த முறை 1, 2, 3 என்று முன்னுரிமை எழுதச் சொன்னோம். எண்ணும் பொறுப்பு என்னுடையது.

கையால் எண்ணியபோது அ, ஆ, இ ஜெயித்தார்கள். இரவு அக்கா மகன் அதே 120 சீட்டையும் ஒரு மென்பொருளில் ஏற்றிப் பார்த்தான். அதில் அ, ஆ, ஈ என்று வந்தது. சீட்டுகளை இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம், ஏற்றியதில் தவறில்லை. இ-யும் ஈ-யும் என்னை நம்பித்தான் போட்டியிட்டார்கள். எதைச் சரி என்று சொல்வேன்? முடிவை இன்னும் பலகையில் ஒட்டவில்லை.

நிரல்_நடுவே | திங்கள் காலை 8:32

நல்லவேளை, ஒட்டவில்லை. இரண்டு எண்ணிக்கையுமே கூட்டல் பிழை இல்லாமல் இருக்கலாம். முன்னுரிமை வாக்கு என்பது சீட்டின் பெயர்தான். அதை எண்ண ஒரு டஜன் முறைகள் இருக்கின்றன. மூன்று விஷயம் சொல்லுங்கள்: கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான வாக்கு, எவ்வளவு என்று வைத்தீர்கள்? கோட்டாவைத் தாண்டியவரின் உபரியை எப்படி மாற்றினீர்கள்? 1 எழுதி 2-ஐ விட்டுவிட்டு 3 எழுதிய சீட்டு இருந்தால் என்ன செய்தீர்கள்?

மாடித்தோட்டம் | திங்கள் காலை 9:05

கோட்டா 31. 120-ஐ 4-ஆல் (3 இடம் + 1) வகுத்து 1 கூட்டினேன். முதல் முன்னுரிமை: அ 47, ஆ 28, இ 19, ஈ 18, உ 8.

அ-வுக்கு உபரி 16. அவருடைய சீட்டுக் கட்டின் மேலே இருந்த 16 சீட்டை எடுத்து, அவற்றில் 2 யாருக்கு என்று பார்த்துக் கொடுத்தேன். இ-க்கு 8, ஆ-வுக்கு 4, ஈ-க்கு 3, உ-வுக்கு 1. ஆ 32 ஆகி ஜெயித்தார். இ 27, ஈ 21, உ 9. பிறகு உ-வை நீக்கி அவருடைய சீட்டுகளைப் பிரித்தேன், இ முன்னால் வந்துவிட்டார்.

2-ஐ விட்டுவிட்டு 3 எழுதிய சீட்டு இரண்டு இருக்கிறது. இரண்டிலும் 1 இ-க்கு.

நிரல்_நடுவே | திங்கள் காலை 9:21

அ-வின் 47 சீட்டிலும் 2 யாருக்குப் போயிருக்கிறது?

மாடித்தோட்டம் | திங்கள் காலை 9:48

இப்போதுதான் எல்லாவற்றையும் பிரித்தேன். ஈ 22, இ 11, ஆ 10, உ 4.

நிரல்_நடுவே | திங்கள் காலை 10:15

இடம் தெரிந்துவிட்டது. 47 பேரில் 22 பேர் ஈ-யை இரண்டாவதாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எடுத்த 16-ல் ஈ-க்கு 3 தான். மேலே இருந்த 16-ம் ஒரே பிளாக்கிலிருந்து கடைசியாக வந்த சீட்டுகளாக இருக்கும். எந்தச் சீட்டு மேலே கிடந்தது என்பது ஒரு நிர்வாகியைத் தீர்மானித்துவிட்டது.

மென்பொருள் 47 சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் மதிப்பையும் 16/47, அதாவது 0.34 ஆகக் குறைத்திருக்கும். அப்போது ஈ-க்கு 7.49, இ-க்கு 3.74, ஆ-வுக்கு 3.40, உ-வுக்கு 1.36 போகும். இதை கிரகரி முறை என்பார்கள். 47 பேரின் விருப்பமும் கணக்கில் வருகிறது, அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. என்னைக் கேட்டால் மென்பொருள் சொன்னதுதான் சரி, ஈ-தான் வென்றார்.

செகந்திராபாத்_தாத்தா | திங்கள் மதியம் 12:40

நிரல் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். சீட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு எந்த முறை நல்லது என்று தேர்ந்தெடுப்பதும், ஜெயித்தவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றுதான். இப்போது எந்த முறை எந்தப் பெயரைத் தரும் என்று நமக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்னால் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். துணைவிதி, சுற்றறிக்கை, வாட்ஸ்அப்பில் போட்ட அறிவிப்பு, எது இருந்தாலும் எடுங்கள் மாடித்தோட்டம்.

நான் அரசுப் பணியில் இருந்தவன். பட்டதாரி தொகுதி மேலவைத் தேர்தல் எண்ணிக்கைக்குப் போயிருக்கிறேன். 2021 மார்ச்சில் ஹைதராபாத் – ரங்காரெட்டி – மகபூப்நகர் பட்டதாரி தொகுதியில் 93 பேர் நின்றார்கள். செய்தித்தாள் அளவுக்குச் சீட்டு, அதைப் போடவே பெரிய பெட்டிகள் செய்தார்கள். எல்லாம் கையால்தான். ஒருவரை நீக்கு, அவர் கட்டை அவிழ், அடுத்த எண்ணைப் பார், கொடு, கட்டு. நாள் கணக்கில் நடந்தது. ஆனால் எந்த மேசையிலும் அடுத்து என்ன செய்வது என்ற சந்தேகம் வராது. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் ஒவ்வொரு அடியும் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் மேலவை 1986-லேயே போய்விட்டதால் அங்கே இந்த எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் குறைவு.

லிஃபிக்கரை | திங்கள் மாலை 4:02

நான் டப்ளினில் இருக்கிறேன். மேலே இருந்து எடுப்பதையே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அயர்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் மதிப்பைக் குறைக்காமல் முழுச் சீட்டாகத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் மாடித்தோட்டம் செய்த மாதிரி அல்ல. முதலில் 47 சீட்டையும் இரண்டாவது முன்னுரிமைப்படி தனித்தனிக் கட்டாகப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு கட்டிலிருந்தும் அதன் விகிதத்துக்கு எடுப்பார்கள். உங்கள் கணக்குக்கு ஈ 8, இ 4, ஆ 3, உ 1 என்று வரும். ஈ 26, இ 23. அதிர்ஷ்டம் நுழைவது இதற்கு அடுத்த கட்டத்தில்: அந்த 8 சீட்டில் மூன்றாவதாக யார் இருக்கிறார் என்பதில். எல்லாச் சீட்டையும் முதலிலேயே நன்றாகக் கலப்பதும் இதற்காகத்தான். ஆக, அயர்லாந்து முறையிலும் ஈ-தான் முந்துகிறார்.

இங்கே எண்ணும் நாள் ஊரே கூடும். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் நோட்டுடன் நின்று, சீட்டை விரிக்கும்போதே கோடு போட்டுக் கணக்கு எடுப்பார்கள். மதியத்துக்குள் அவர்கள் சொல்லும் நிலவரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். 2002 பொதுத் தேர்தலில் 3 தொகுதிகளில் மட்டும் மின்னணு இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். டப்ளின் வடக்கில் முன்னாள் நீதி அமைச்சர் நோரா ஓவன் தோற்றது, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மேடையில் ஒரே அறிவிப்பாக வந்தது. அவர் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். 2004-ல் நாடு முழுக்கக் கொண்டுவர 7,000-க்கு மேல் இயந்திரம் வாங்கியாயிற்று, 5 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. ஆராய அமைத்த தனி ஆணையம் பரிந்துரைக்க மறுத்தது. 2009-ல் கைவிட்டு, 2012-ல் சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாகக் கொடுத்தார்கள். எண்ணிக்கை சரியா என்று சாதாரண மனிதர் கண்ணால் பார்க்க வழி இல்லாததுதான் அதைக் கொன்றது.

யாரா_நதி | திங்கள் மாலை 5:27

மெல்பர்னிலிருந்து. கையெண்ணிக்கை மட்டும் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம் லிஃபிக்கரை அக்கா. 2013-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் செனட் தேர்தல். நடுவில் இரண்டு சிறு கட்சிகளில் எது முதலில் நீக்கப்படும் என்பது 14 வாக்கில் நின்றது. அந்த ஒரு படியைப் பொறுத்துக் கடைசி இரண்டு இடங்களும் வேறு ஆட்களுக்குப் போகும். மறு எண்ணிக்கை கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் 1,370 சீட்டைக் காணோம். இருந்ததை எண்ணினால் வித்தியாசம் 12, அதுவும் எதிர்ப் பக்கம். நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்து, 2014 ஏப்ரலில் மாநிலம் முழுக்க மறுபடி வாக்களித்தது.

மென்பொருளிலும் நடந்திருக்கிறது. 2012 நியூ சவுத் வேல்ஸ் உள்ளாட்சித் தேர்தலில் உபரியைச் சீரற்ற முறையில் எடுக்கும் விதி இருந்தது, அதைக் கணினி செய்தது. வாக்குத் தரவு வெளியில் இருந்ததால் பிற்பாடு சில ஆய்வாளர்கள் தாங்களே நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். கிரிஃபித் நகர மன்றத்தில் நிரல் பிழையால் ஒரு வேட்பாளரின் வெற்றி வாய்ப்பு பெரிதும் குறைந்து போனது தெரிந்தது. அவர் தோற்று வருடங்கள் ஆகியிருந்தன. தரவு இல்லாவிட்டால் அது யாருக்குமே தெரிந்திருக்காது. ஆனால் மத்தியில் செனட் எண்ணும் ஈஸிகவுன்ட் மென்பொருளின் மூல நிரலைத் தகவல் உரிமையில் கேட்டவருக்கு மறுத்துவிட்டார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. சீட்டு மக்களுடையது, எண்ணும் சூத்திரம் சட்டத்தில் இருக்கிறது, நடுவில் உள்ள நிரல் மட்டும் எப்படி ரகசியமாகும்?

நிரல்_நடுவே | திங்கள் இரவு 8:50

தாத்தா சொன்னதை ஏற்கிறேன். முறையை நான் முந்திக்கொண்டு தீர்மானித்திருக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வியை ஏன் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அமெரிக்காவில் ஓக்லண்ட் பள்ளி வாரியத்தின் 4-வது வார்டு. சிலர் முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு இரண்டாவது கட்டத்தில் மட்டும் குறித்திருந்தார்கள். அங்குள்ள விதிப்படி அந்த இரண்டாவதை முதலாக ஏற்ற வேண்டும். மென்பொருளில் அந்த அமைப்பு (செட்டிங்) வேறு மாதிரி வைக்கப்பட்டிருந்தது, முதல் சுற்றில் அந்தச் சீட்டுகள் எண்ணப்படவே இல்லை. ஒருவர் ஜெயித்ததாகச் சான்றிதழும் கொடுத்தாயிற்று. டிசம்பர் கடைசியில் பிழை தெரிந்தது, உண்மையில் ஜெயித்தவர் மைக் ஹட்சின்சன். சான்றிதழ் பெற்றவர் பிறகு விலகினார். ஒரே ஒரு தேர்வுப் பெட்டி!

நியூயார்க்கில் 2021 ஜூனில் நடந்தது வேறு வகை. மேயர் வேட்பாளர் தேர்வில், சோதனைக்காக ஏற்றிய சுமார் 1,35,000 போலிச் சீட்டுகளை நீக்காமலே முதல் கணக்கை வெளியிட்டார்கள். கூட்டுத்தொகை இடிக்கிறதே என்று வெளியில் இருந்தவர்கள் கேட்ட பிறகு அன்றே திரும்பப் பெற்றார்கள். அங்கே எண்ணிய மென்பொருள் ஆர்.சி.டேப்பின் முந்தைய வடிவம். அது திறந்த மூல நிரல், அதில் பிழை இல்லை. பிழை அதற்குள் போட்டதில்.

மகாவலி | திங்கள் இரவு 10:18

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் 3 விருப்பங்கள் வரை இடலாம். ஆனால் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது 2024 செப்டம்பரில்தான். அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. முதல் இருவர் தவிர மற்ற அனைவரையும் ஒரே தடவையில் நீக்கி, அவர்களின் சீட்டுகளில் இந்த இருவருக்கும் உள்ள விருப்பு வாக்கை எண்ணினார்கள். அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867 கூடின. முடிவு மாறவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. நீக்கப்பட்டவர்களின் சீட்டு 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் 2,73,131 மட்டுமே அடுத்தவருக்குப் போனது. மிகுதியானவர்கள் பெரும்பாலும் ஒரேயொரு அடையாளத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்ணும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், சீட்டில் 2-ஐயும் 3-ஐயும் எழுத ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. மாடித்தோட்டம், உங்களுடைய 47 பேரும் இரண்டாவது எழுதியிருக்கிறார்கள். நன்றாக விளக்கியிருக்கிறீர்கள்.

மாடித்தோட்டம் | செவ்வாய் காலை 6:40

கிடைத்துவிட்டது! தேர்தலுக்கு 21 நாள் முன்பு எல்லா வீட்டுக்கும் கொடுத்த அறிவிப்பில் 4-வது வரி: “வாக்குகள் மாநிலங்களவைத் தேர்தலில் உள்ளபடி எண்ணப்படும்.” முந்தைய செயலாளர் எழுதியது, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உபரியை எடுக்கும்போது எனக்கு அது நினைவில் இல்லை. தாத்தா, அதை எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொடுங்கள்.

செகந்திராபாத்_தாத்தா | செவ்வாய் காலை 10:55

இப்போது வழி இருக்கிறது. பொறுமையாகப் பாருங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடம் இருந்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு 100. தசமத்தைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. மொத்தம் 12,000. அதை 4-ஆல் வகுத்து 1 கூட்டினால் கோட்டா 3,001. தமிழ்நாட்டில் ராஜ்யசபா இடத்துக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும் என்று பத்திரிகையில் எழுதுவார்களே, அதுவும் இதே கணக்கு: 234 எம்.எல்.ஏ., 6 இடம் என்றால் 23,400-ஐ 7-ஆல் வகுத்து 1 கூட்டினால் 3,343, அதாவது 34 சீட்டு.

அ-வுக்கு 4,700. உபரி 1,699. 47 சீட்டுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 36, மிச்சம் 7. அந்த மிச்சம் யாருக்கும் போகாது, தனியாக எழுதி வைக்க வேண்டும். ஈ-க்கு 22 × 36 = 792, ஆக 2,592. இ-க்கு 396, ஆக 2,296. ஆ-வுக்கு 360, ஆக 3,160. உ-வுக்கு 144, ஆக 944.

ஆ கோட்டாவைத் தாண்டிவிட்டார், உபரி 159. இப்போது அவர் கையில் இருக்கும் எல்லாச் சீட்டையும் தொடக் கூடாது. கடைசியாக வந்த கட்டு, அதாவது அ-விடமிருந்து வந்த அந்த 10 சீட்டு மட்டும். 159-ஐ 10-ஆல் வகுத்தால் 15. அந்த 10-ல் அடுத்த பெயர் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். பிறகு உ-வின் கட்டை மூன்றாகப் பிரியுங்கள்: 100 மதிப்புள்ளது, 36 மதிப்புள்ளது, 15 மதிப்புள்ளது. கலந்துவிட்டால் கதை முடிந்தது. ரப்பர் பேண்டு போட்டு மேலே மதிப்பை எழுதுங்கள்.

அந்த இரண்டு சீட்டு: 1-க்குப் பிறகு 2 இல்லாமல் 3 இருந்தால், சீட்டு செல்லும், ஆனால் 1-க்குப் பிறகு அது தீர்ந்த சீட்டு, வேறு யாருக்கும் மாறாது. ஓக்லண்டு மாதிரி அடுத்ததை மேலே ஏற்ற மாட்டோம். இன்னொன்று, எண்ணைத் தமிழ் எண்ணில் ‘க’ என்று எழுதினாலும் செல்லும், ‘ஒன்று’ என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. டிக் அடித்தாலும் செல்லாது. அப்படி ஏதாவது ஒதுக்கினீர்களா?

ஒரு சீட்டு செல்லாமல் போனாலும் கோட்டாவே நகரும். 2017 குஜராத் மாநிலங்களவைத் தேர்தலில் 3 இடத்துக்கு 176 பேர் வாக்களித்தார்கள். கோட்டா 4,401, அதாவது 45 சீட்டு. இருவர் தங்கள் சீட்டை வேறு ஆளிடம் காட்டினார்கள் என்று அந்த 2 சீட்டையும் தள்ளினார்கள். 174 ஆனதும் கோட்டா 4,351, இப்போது 44 போதும். காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வாங்கியது சரியாக 44.

மாடித்தோட்டம் | செவ்வாய் மாலை 7:30

‘ஒன்று’ என்று எழுதிய சீட்டு 1, டிக் அடித்தது 2. மூன்றையும் அன்றே ஒதுக்கிவிட்டேன், 120-ல் அவை இல்லை. சமநிலை வந்தால் என்ன செய்வது? முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செகந்திராபாத்_தாத்தா | செவ்வாய் இரவு 8:05

கடைசியில் சமநிலை என்றால் குலுக்கல். ஆனால் கவனம்: மக்களவைத் தேர்தலில் குலுக்கல் சீட்டில் பெயர் வந்தவர் ஜெயிப்பார். இங்கே பெயர் வந்தவர் நீக்கப்படுவார். 2024 பிப்ரவரியில் இமாச்சல் மாநிலங்களவைத் தேர்தலில் 34–34. குலுக்கலில் அபிஷேக் சிங்வியின் பெயர் வந்தது, அவர் தோற்றார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். எதற்குக் குலுக்குகிறீர்கள் என்று பெட்டியில் கை விடுவதற்கு முன்பே உரக்கச் சொல்லிவிடுங்கள்.

நிரல்_நடுவே | செவ்வாய் இரவு 9:44

அடுத்த தேர்தலுக்கு ஒரு யோசனை. மீக் முறை என்று ஒன்று உண்டு. ஒருவர் நீக்கப்பட்டதும் கோட்டாவையே திரும்பக் கணக்கிட்டு, ஜெயித்தவர்களின் பங்கையும் திருத்திக்கொண்டே போகும். கடைசிக் கட்டு, பழைய கட்டு என்ற பாகுபாடு இல்லை. நியூசிலாந்தில் 2004-லிருந்து முன்னுரிமை வாக்கு வைத்திருக்கும் உள்ளாட்சிகளில் இதுதான். எந்த வரிசையில் சீட்டு வந்தாலும் நியாயமாக இருக்கும்.

யாரா_நதி | புதன் காலை 5:15

நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கையால் செய்ய முடியாது. 120 வீட்டுக்காரர்களில் சந்தேகப்படுகிற ஒருவர் வந்து ‘காட்டுங்கள்’ என்றால் என்ன காட்டுவீர்கள்? மாநிலங்களவை முறையில் மிச்சம் 7 வீணாகிறது, கடைசிக் கட்டு விதி கொஞ்சம் முரட்டுத்தனமானது. இருந்தாலும் ஒரு மேசை, நாலு பேர், ரப்பர் பேண்டு போதும். சங்கத் தேர்தலுக்குக் கையால் சரிபார்க்க முடிகிற முறையைத்தான் வைக்க வேண்டும். மென்பொருள் பக்கத்தில் இருக்கட்டும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க.

நிரல்_நடுவே | புதன் காலை 8:20

சரி, உங்கள் அளவுக்கு அதுதான் பொருத்தம். 5,000 உறுப்பினர் உள்ள அமைப்புக்கு நான் மீக்தான் சொல்வேன்.

மாடித்தோட்டம், சீட்டுகளை பி.எல்.டி. என்ற எளிய உரைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் வேட்பாளர் எண்ணிக்கையும் இடங்களும்: 5 3. பிறகு சீட்டுக்கு ஒரு வரி. “1 1 4 3 0” என்றால் ஒரு சீட்டு, முதல் அ, அடுத்து ஈ, அடுத்து இ, முடிந்தது. கடைசியில் பெயர்கள். ஓபன்டேலி, ஓபாவோட் போன்ற எண்ணும் மென்பொருள்கள் இதைப் படிக்கும். இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து இரண்டு கோப்பையும் ஒப்பிடுங்கள், ஒருவர் படித்து ஒருவர் அடிக்க வேண்டாம். மென்பொருளில் போட்ட பிறகு கோட்டா, உபரி, விட்டுப்போன எண் மூன்றுக்கும் எந்த அமைப்பு வைத்தீர்கள் என்று எழுதி முடிவுடன் ஒட்டுங்கள்.

லிஃபிக்கரை | புதன் மதியம் 1:30

கோப்பை வெளியிடும்போது ஒன்று. 5 வேட்பாளர் என்பதால் பரவாயில்லை. 20 பேர் நின்றால் முழு வரிசையே ஒருவரின் கையெழுத்து போல ஆகிவிடும். ‘கடைசி ஐந்து இடத்தை இந்த வரிசையில் எழுது, நான் கோப்பில் பார்க்கிறேன்’ என்று யாரும் மிரட்ட முடியும். வீட்டு எண்ணோ, சீட்டு வந்த வரிசையோ கோப்பில் இருக்கக் கூடாது. வரிகளைக் கலைத்துவிட்டு வெளியிடுங்கள்.

மாடித்தோட்டம் | ஞாயிறு இரவு 9:12

இன்று மாலை சமுதாயக் கூடத்தில் திரும்ப எண்ணினோம். இ-யும் ஈ-யும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சுமார் 40 பேர் சுற்றி நின்றார்கள். போன வாரம் நான் செய்த தவறை முதலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், அறிவிப்பின் 4-வது வரியைப் படித்தேன்.

ஆ-வின் அந்த 10 சீட்டில் அடுத்த பெயர்: இ 6, ஈ 3, உ 1. இ 2,386, ஈ 2,637, உ 959. உ-வை நீக்கினோம். அவருடைய சொந்த 8 சீட்டில் ஈ 4, இ 3, ஒன்றில் மேற்கொண்டு பெயர் இல்லை. 36 மதிப்புள்ள நாலில் ஆளுக்கு 2. 15 மதிப்புள்ள ஒன்று ஈ-க்கு. இ 2,758. ஈ 3,124, கோட்டாவைத் தாண்டிவிட்டார்.

இ அந்த 47 சீட்டையும் தானே ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார். கோப்பைக் கலைத்துக் குழுவில் போட்டாயிற்று. மூன்று பேர் தங்கள் வீட்டிலேயே மென்பொருளில் ஓட்டிப் பார்த்து அ, ஆ, ஈ என்று வருவதாகச் சொன்னார்கள்.

செகந்திராபாத்_தாத்தா | ஞாயிறு இரவு 9:40

நல்லது தம்பி. 159-ஐ 10-ஆல் வகுத்தபோது மிச்சம் 9 வந்திருக்குமே, அதைத் தனி வரியில் எழுதினீர்களா?

மாடித்தோட்டம் | ஞாயிறு இரவு 9:47

எழுதினேன் ஐயா. 7-ம் 9-ம் சேர்ந்து 16, தீர்ந்த சீட்டு 100. எல்லாவற்றையும் கூட்டினால் 12,000 சரியாக வருகிறது.